எறும்பு வளர்க்கலாம், விலைக்கு வாங்கலாமா?

கென்யா நாட்டுத் தலைநகரான நைரோபியில் 2025 மே 7-ந் தேதி கோர்ட்டு ஒன்று அளித்த தீர்ப்பு உலகத்தாரைச் சற்றே வியப்பில் ஆழ்த்தியது. யானைத் தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் கடத்தியவர்களை விசாரித்துப் பழகிய அந்த நாட்டில், இம்முறை கூண்டில் நின்றவர்கள் எறும்பு கடத்தியவர்கள். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த, இருபது வயதுகூட நிரம்பாத இரண்டு வாலிபர்கள், சுமார் 5,000 ராணி எறும்புகளை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஈரப் பஞ்சு. இரண்டு மாத காலம் எறும்பு உயிரோடு இருக்க அதுவே போதும். தலைக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் (ஏறத்தாழ ஆறரை லட்சம் ரூபாய்) அபராதம், கட்டத் தவறினால் பன்னிரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று. இதே குற்றத்துக்காக ஒரு வியட்நாம்காரருக்கும் ஒரு கென்யருக்கும் அதே தண்டனை கிடைத்தது.

கடத்தப்பட்டவை ஆப்பிரிக்காவின் பெரிய அறுவடை எறும்புகள். ஐரோப்பாவில் எறும்புக் கூட்டங்களை வீட்டில் வளர்ப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அங்கே இந்த இனத்து ராணி ஒன்று சுமார் நூறு பவுண்டுக்கு விலை போகிறது. வாங்குகிறவர் இருப்பதால் விற்கிறவர் இருக்கிறார்; விற்கிறவர் இருப்பதால் தோண்டுகிறவரும் இருக்கிறார்.

குன்னத்துகாலுக்கும் கென்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ரப்பர்த் தோட்டமும் வாழையும் மரச்சீனியும் தென்னையும் நிறைந்த நெய்யாற்றின்கரை தாலுகாவின் இந்த எல்லைக் கிராமங்களில் எறும்புக்குப் பஞ்சமில்லை. கைப்பேசி இல்லாத வீடும் இல்லை. எந்த ஊர்ப் பழக்கமும் ஒரு நொடியில் எந்த ஊருக்கும் வந்து சேர்ந்துவிடும் காலம் இது. கண்ணாடிக்குள் ராஜ்யம் நடத்தும் எறும்புகளை ஒரு சிறுவன் படத்தில் பார்த்தால், தானும் ஒன்று வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கை. அந்த ஆசை நல்ல வழியில் போகுமா, கெட்ட வழியில் போகுமா என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

பழைய பொழுதுபோக்குதான்

எறும்பு வளர்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்றொரு வங்கி முதலாளி இருந்தார். பார்லிமெண்டு உறுப்பினர். வங்கி ஊழியர்களுக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள் வேண்டும் என்று 1871இல் மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணைப் பரப்பி, அதில் எறும்புகளைக் குடியமர்த்தி, பல ஆண்டுகள் அவற்றின் நடவடிக்கைகளைக் குறித்து வைத்தார். 1882இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவர் வளர்த்த ராணி எறும்பு ஒன்று பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தது. எறும்பின் ஆயுள் சில மாதங்களே என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. ஜெர்மனியில் பின்னர் ஒரு ராணி எறும்பு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது.

நம் பக்கத்து எறும்பும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய நிலங்களில் குதித்துக் குதித்துச் செல்லும் எறும்பு ஒன்று உண்டு. பெரிய கண், நீண்ட தாடை. இரையின் மேல் பாய்ந்து பிடிக்கும். தலைச்சேரியில் பணியாற்றிய ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் 1851இல் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். இந்த எறும்புகளின் கூட்டங்களை அமெரிக்க ஆராய்ச்சிச் சாலைகளில் இப்போது வளர்த்து ஆராய்கிறார்கள். 2010இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. ராணி இறந்ததும் வேலைக்கார எறும்புகள் ஒன்றோடொன்று மீசையால் மோதிப் போட்டியிடுகின்றன. வெல்பவை முட்டையிடத் தொடங்குகின்றன. சுமார் ஏழு மாதமே வாழ வேண்டிய வேலைக்காரி, அந்தப் பதவி கிடைத்ததும் நான்கு ஆண்டுகள் வரை வாழ்கிறாள். அவளுடைய மூளையும் சுருங்குகிறது. பதவி பறிபோனால் மூளை மறுபடி பழைய அளவுக்கு வளர்கிறது என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். பதவிக்கும் மூளைக்கும் உள்ள உறவைப் பற்றி வாசகர்கள் தங்கள் விருப்பம்போல் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆகவே எறும்பு வளர்ப்பில் அறிவு உண்டு, பொறுமை உண்டு, செலவு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான ஆராய்ச்சிச் சாலை கிடைக்காது. இதை எதிர்க்க வேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

ஒரு குழாய், ஒரு பஞ்சு

கோடை மழையோ இடவப்பாதி மழையோ பெய்து ஓய்ந்த மாலை நேரங்களில் இறக்கை முளைத்த எறும்புகள் கூட்டை விட்டுப் பறக்கின்றன. விளக்கைச் சுற்றி வந்து விழும் ஈசலை எறும்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஈசல் கறையானின் இனம். அதன் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன் இறக்கை பெரியது, பின் இறக்கை சிறியது, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். இதைப் பிரித்தறிவதே முதல் பாடம்.

பறந்து இணைசேர்ந்த பெண் எறும்பு தரையில் இறங்கித் தன் இறக்கைகளைத் தானே உதிர்த்துவிட்டு, ஒளிய இடம் தேடி ஓடும். அதுதான் வருங்கால ராணி. நம் முற்றத்துக் கட்டெறும்பு இனத்தை எடுத்துக்கொண்டால், அந்த ராணி ஒரு சிறு பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு, ஆகாரமின்றி, இனித் தேவைப்படாத பறக்கும் தசைகளைக் கரைத்து அந்தச் சத்தைக் கொண்டே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, அதன் மேல் பஞ்சை அழுத்தி அடைத்து, ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, கறுப்புத் தாளைச் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டால், அதுவே அந்தப் பொந்து. அடிக்கடி எடுத்துப் பார்த்து ஆட்டாமல் இருந்தால் ஓரிரு மாதத்தில் முதல் வேலைக்காரர்கள் சின்னஞ்சிறு உருவத்தில் வெளிவருவார்கள். பிறகு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், ஒரு செத்த கொசு. குழாயை ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவே வைத்தால் எறும்பு தப்பி ஓடாது. பலகாரப் பாத்திரத்துக்கு எறும்பு ஏறாமல் இருக்க நம் வீட்டுப் பெண்கள் செய்யும் உபாயம்தான். இங்கே எறும்பு உள்ளே, தண்ணீர் வெளியே.

இதில் ஒரு தர்மமும் இருக்கிறது. பறந்து இறங்கும் ராணிகளில் மிகப் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் மற்ற எறும்புகளுக்கும் இரையாகிப் போகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வளர்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் நிலைபெற்ற புற்றைத் தோண்டி ராணியை எடுப்பது அப்படியல்ல. ஒரே ராணியை நம்பி வாழும் இனமாக இருந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் அழிந்துவிடும். கென்யாவில் கோர்ட்டு கண்டித்ததும் ஒரு நாட்டின் இயற்கைச் செல்வத்தைத் திருடும் இந்தப் போக்கைத்தான். எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மண்வெட்டியோடு புற்றைத் தேடிப் போகக் கூடாது.

தேனீ சொல்லும் பாடம்

பூச்சிக் கூட்டத்தைப் பெட்டியில் வளர்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் முயற்சியில், பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஏழை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அது குடும்பத் தொழிலாகப் பரவியது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் காலத்தில் அதன் இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத் தேடி, எல்லையின் இரு புறத்துத் தோட்டங்களிலும் பெட்டிகள் வரிசையாக வைக்கப்படுவதைக் குன்னத்துகால், காரக்கோணம் பக்கத்தில் காணாதவர் இல்லை.

ஆனால் 1991, 1992 ஆண்டுகளில் நடந்ததைத் தேனீ வளர்ப்போர் மறக்க முடியாது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக்களைத் தாக்கியது. பத்துப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெட்டிகூட மிஞ்சாத நிலை. பல குடும்பங்கள் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயின. பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகும்போது தேனீ மட்டும் பயணம் செய்வதில்லை. நோயும் கூடவே பயணம் செய்கிறது. தேனீக்குச் சொன்னது எறும்புக்கும் பொருந்தும். பார்சலில் வரும் ராணியோடு என்ன பூஞ்சை வருகிறது, என்ன உண்ணி வருகிறது என்பதை வாங்குகிறவரும் அறியார், விற்கிறவரும் அறியார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வளர்த்தவருக்குச் சலித்துப் போனால் நேருவது. நாய்க்குட்டி சலித்தால் தெருவில் விடுகிறார்கள். எறும்பு சலித்தால் தோட்டத்தில் கொட்டுவார்கள்.

இரண்டு நத்தையின் கதை

இந்தப் பகுதியில் மழைக்காலம் வந்தால் உப்புப் பொட்டலத்தோடு தோட்டத்தில் இறங்குகிறவர்கள் பலர். வாழையையும் பப்பாளியையும் கீரையையும் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையே காரணம். இந்த நத்தை இந்தியாவுக்கு எப்படி வந்தது? 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர், சிப்பி நத்தை சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர், மொரீஷியஸ் தீவிலிருந்து உயிருள்ள நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் இரண்டை ஒரு நண்பரிடம் விட்டுச் செல்ல, அவை சௌரிங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. ஒரு கனவானின் பொழுதுபோக்கு, இன்னொரு கனவானின் தோட்டம். அதற்கு இன்றுவரை விலை கொடுப்பவர்கள் விவசாயிகள். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் புகையிலைக் கஷாயமும் துருசும் கலந்து தெளிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இந்தத் தொல்லை முற்றியிருக்கிறது.

நத்தை மெதுவாக நகரும், கையால் பொறுக்கலாம். எறும்பைப் பொறுக்க முடியுமா? திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022இல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியபோது, ஆடு மாடுகளின் கண்களைத் தாக்குவதாகவும், காட்டோரம் கால்நடை மேய்க்க முடியவில்லை என்றும் மக்கள் முறையிட்டார்கள். இந்த எறும்பு கடிப்பதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகிறது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் 1989 முதல் இதே இனம் பெருங்கூட்டங்களாகப் பெருகி, கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்று, காட்டின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. கரந்தமலைக்கு அது வளர்ப்பவர் கையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஓர் எறும்பினம் அளவு மீறிப் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கே அது சாட்சி. அப்படிப்பட்ட ஒன்றை நாமே பணம் கட்டி வரவழைக்க வேண்டுமா?

களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் அரிசி மூட்டையைப் பார்க்கலாம், கோழி வண்டியைப் பார்க்கலாம். சட்டைப் பையில் இருக்கும் ஒரு குழாயை யார் பார்ப்பார்கள்? சட்டம் இல்லாமலில்லை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிக்கும் அயல் உயிரினங்களை இறக்குமதி செய்வது, விற்பது, வைத்திருப்பது, பெருக்குவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2008இல் டார்ஜிலிங் மலைப்பகுதியில் அனுமதியின்றி வண்டுகளும் பூச்சிகளும் பிடித்த இரண்டு செக் நாட்டவர் கைதாகித் தண்டிக்கப்பட்டதும் நடந்த கதைதான். ஆயினும் எறும்பு விஷயத்தில் சட்டத்தைவிட வளர்ப்பவரின் கட்டுப்பாடே பெரிய காவல்.

மரத்திலேயே ஒரு வளர்ப்பு

வீட்டுக்குள் வைத்து வளர்த்தால்தான் வளர்ப்பா? மாமரத்திலும் முந்திரியிலும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசிறைப் பாருங்கள். மலையாளிகள் நீறு என்றும் புளியுறும்பு என்றும் அழைப்பது இதைத்தான். வேலைக்கார எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கின்றன. வேறு சில, தங்கள் புழுக்களை வாயில் பிடித்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் விளிம்பைத் தைக்கின்றன. ஊசியும் அதுவே, நூலும் அதுவே.

தெற்குச் சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்தில் கட்டி, புழு பூச்சியிலிருந்து பழத்தைக் காத்ததாகக் கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்த நூல் ஒன்றில் குறிப்பு இருக்கிறது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எறும்பு போக மூங்கில் பாலமும் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் முந்திரித் தோட்டங்களில் இதே முறையைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். முந்திரியின் பூவையும் தளிரையும் கருக்கும் தேயிலைக் கொசுவுக்கு முசிறு கடும் எதிரி. அந்தச் சீனர்கள் வாங்கியதும் தங்கள் ஊர் எறும்பைத்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் தோட்டங்களிலோ முசிறுக் கூட்டைக் கண்டால் பந்தம் கொளுத்துகிறார்கள், அல்லது மருந்து தெளிக்கிறார்கள். மாங்காய் பறிப்பவரை அது கடிக்கிறது என்பதும், சில சாறுண்ணிப் பூச்சிகளை அதுவே பேணுகிறது என்பதும் உண்மைதான். பறிக்கும் நாளில் உடம்பில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறும் வழக்கம் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கூட்டையே எரிப்பது, கடிக்கிறது என்பதற்காகக் காவல் நாயைக் கொல்வது போன்றது.

செய்ய வேண்டியது

சாலையும் குடிதண்ணீரும் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் எறும்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் சிரிக்கக் கூடும். 1847இல் இரண்டு நத்தைகளைப் பற்றி யாராவது பேசியிருந்தாலும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பொறுமைக்குச் சொன்ன பழமொழி. அசட்டையாக இருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்றே விதிகள் போதும். முதலாவது, தன் முற்றத்தில் மழைக்குப் பின் இறங்கிய ராணியைத் தவிர வேறு எதையும் வளர்க்கக் கூடாது. இரண்டாவது, எறும்பை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, தபாலில் அனுப்பவும் கூடாது. மூன்றாவது, வளர்க்க முடியாமல் போனால் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வேறு ஊரில் விடக் கூடாது.

பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு முறை, இடவப்பாதியோடு வகுப்புத் தொடங்கும் ஜூன் மாதத்தில், ஒரு குழாயும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். கிருஷி பவன்கள் முசிறுக்கும் மஞ்சள் பைத்திய எறும்புக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிகளுக்குக் காட்டிக்கொடுக்கலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். மரமும் மீனும் மூலிகையும் ஏறும் அந்தப் பதிவேட்டில் எறும்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

அந்தப் பக்கத்தை மலையாளத்தோடு தமிழிலும் எழுத வேண்டும். கட்டெறும்பு, சுள்ளெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசிறு என்று நம் பாட்டிமார் இனம் பிரித்துச் சொன்ன பெயர்கள் எல்லைப்புறத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் இன்று குறைந்து வருகின்றன. இவர்களுக்கு எல்லாமே எறும்புதான். பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றாது. அயலிலிருந்து ஒன்று வந்து கலந்தால்கூட, இது நம்முடையதல்ல என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்காது. அடுத்த இடவப்பாதிக்குள் பஞ்சாயத்தும் பள்ளிகளும் கூடிப் பேசி ஆவன செய்ய வேண்டும். பணம் தேவைப்படாத வேலை என்பதால் நிதி இல்லை என்ற பதிலையும் இதற்குச் சொல்ல முடியாது.